ஆறு பெட்டி சாக்லேட்

சனிக்கிழமை பாட்லக்கில் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்தில்) என்ன நடந்தது என்று இன்பாக்ஸில் கேட்க வேண்டாம். அங்கே இருந்தவர்கள் புண்ணியத்தில் எல்லாருக்கும் தெரிந்தாகிவிட்டது. ஆமாம், சாப்பிடாமல் கிளம்பியது நான்தான். ஆமாம், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பாயசம் கொண்டுபோன பாத்திரத்தைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன். "யாரோ பூர்வகுடிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதற்கு இவ்வளவு கோபமா?" என்று குழுவில் ஒருவர் சிரிக்கிற பொம்மையோடு போட்டிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைதான் ஐயா பிரச்சினை. இலவசம்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்துக்குச் சுற்றுலா போய்வந்த கதையை அங்கே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஓல்ட் டவுன் என்ற ஊரின் பாலத்தைத் தாண்டினால் ஆற்றுத் தீவில் பெனாப்ஸ்கட் என்ற பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். "கவர்மென்ட் அந்தக் காலத்திலேயே இவங்களுக்கு வருஷா வருஷம் போர்வையும் சாக்லேட்டும் இலவசமா கொடுத்திருக்கு, தெரியுமா?" எல்லாரும் சிரித்தார்கள்.

சரி, சாக்லேட்டைப் பற்றியே பேசுவோம். 1818 ஜூனில் மாசச்சூசெட்ஸ் மாநிலம் அந்த மக்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. மெய்ன் அப்போது மாசச்சூசெட்ஸுக்குள்தான் இருந்தது. ஆண்டுதோறும் அக்டோபரில் கொடுக்க வேண்டியது: 500 புஷல் (தானிய அளவு) சோளம், 15 பீப்பாய் கோதுமை மாவு, 7 பீப்பாய் பன்றி இறைச்சி, ஒரு பெரிய பீப்பாய் வெல்லப்பாகு, 100 கெஜம் துணி, 50 போர்வை, 100 பவுண்டு வெடிமருந்து, 400 பவுண்டு ஈயக்குண்டு, 150 பவுண்டு புகையிலை, வெள்ளியில் 50 டாலர், அப்புறம் 6 பெட்டி சாக்லேட். துணி ஒரு வருஷம் சிவப்பு, மறுவருஷம் நீலம் என்பதுவரை எழுதியிருக்கிறது. இலவசம் கொடுப்பவன் துணியின் நிறத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவானா? பேரம் பேசி முடித்தவர்கள்தான் அப்படி எழுதுவார்கள். பதிலுக்குப் பெனாப்ஸ்கட் மக்கள் எழுதிக் கொடுத்தது, நான்கு டவுன்ஷிப்பும் (ஓர் ஊர் அளவுக்கு அளந்த நிலப்பகுதி) ஆற்றுத் தீவுகளும் போக மிச்சம் இருந்த நிலம் அத்தனையும்.

அது விலை. ஒரேயடியாகக் கொடுக்க மனமில்லாமல் தவணையில் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்ட விலை.

நன்றிக்கடனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1775இல் பிரிட்டனோடு சண்டை மூண்டபோது, ஒரோனோ என்ற பெனாப்ஸ்கட் தலைவர் பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரான வாட்டர்டவுன் வரை வந்து மாசச்சூசெட்ஸ்காரர்கள் பக்கம் நிற்பதாகச் சொன்னார். ஆற்றின் இரு கரையிலும் ஆறாறு மைல் அகலத்துக்கு உங்கள் நிலத்தில் யாரும் கால்வைக்க மாட்டார்கள் என்று அப்போது வாக்குக் கொடுத்தார்கள். சண்டை முடிந்தது. 1796இல் அதில் பெரும்பங்கு போனது. 1818இல் மிச்சம்.

இனிமேல்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம். 1812இல் பிரிட்டனோடு மறுபடி மூண்ட போரில் மாசச்சூசெட்ஸ் கவர்னர் கேலப் ஸ்ட்ராங், மாநில மிலிஷியாவை (குடிமக்களைத் திரட்டிய படையை) மத்திய அரசின் அதிகாரிகளுக்குக் கீழே விட மறுத்தார். 1814 செப்டம்பரில் பிரிட்டிஷார் மெய்ன் பகுதியில் இருந்த காஸ்டீன் ஊரைப் பிடித்தார்கள். அதே பகுதியில் ஹாம்ப்டன் ஊரில் மிலிஷியா ஓட்டம் பிடித்தது. அந்த ஆண்டு திரட்டிய படைக்கு ஆன செலவு என்று மாநிலம் வாஷிங்டனுக்கு ஒரு பில் அனுப்பியது. 8 லட்சம் டாலருக்கு மேல். எங்கள் கட்டளைக்கு வராத படைக்கு நாங்கள் ஏன் கூலி கொடுக்க வேண்டும் என்று வாஷிங்டன் கையை விரித்தது. இவர்கள் விட்டார்களா? 1830இல் 4 லட்சத்துச் சொச்சம் டாலருக்குக் காங்கிரஸ் ஒப்புக்கொள்ளும்வரை விடவில்லை. அதற்குப் பிறகும் மீதியைக் கேட்டார்கள்.

1819 ஜூன் 19இல் மெய்னைத் தனி மாநிலமாகப் பிரிக்க மாசச்சூசெட்ஸ் ஒரு சட்டம் போட்டது. அது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம்தான். மிலிஷியா பணம் வாஷிங்டனிலிருந்து எப்போது வந்தாலும் மூன்றில் இரண்டு எனக்கு, ஒன்று உனக்கு என்று, வராத பணத்துக்குக்கூடப் பங்கு எழுதிவைத்தார்கள். பூர்வகுடிகளுக்குக் கொடுக்க வேண்டியதை? இனி அது உன் பொறுப்பு, ஈடாக 30,000 டாலர் பெறுமான நிலம் வைத்துக்கொள் என்று மெய்ன் தலையில் கட்டினார்கள். (அந்த நிலம் முதலில் யாருடையது என்று கேட்காதீர்கள்.) ஒரே சட்டம், ஒரே பிரிவு. வர வேண்டியது உரிமை. கொடுக்க வேண்டியது சுமை.

எங்கள் வீட்டிலும் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. தாத்தாவின் தங்கை, இருபது வயதில் தாலி அறுத்துத் திரும்பி வந்தவர். அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டபோது, ஆற்றோர நிலத்தை எடுத்துக்கொண்ட சின்னத் தாத்தா அத்தைப்பாட்டிக்கு ஆயுசுவரை வருஷம் ஆறு மூட்டை நெல் அளக்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதினார்கள். அத்தைப்பாட்டி தன் பங்கைக் கேட்டு வாய் திறக்காமல் இருந்ததற்கு அதுதான் விலை. ஒவ்வொரு தையிலும் அவர் போவார். எனக்கு ஒன்பது வயதில் ஒருமுறை கூடப் போனேன். ரொம்ப நேரம் திண்ணையில் உட்காரவைத்தார்கள். உள்ளேயிருந்து "வந்தாச்சு" என்று ஒரு குரல். சின்னத் தாத்தா வெளியே வந்து, "இந்த வருஷம் விளைச்சல் சரியில்லை, நாலு எடுத்துக்கோ" என்றார். அத்தைப்பாட்டி சாக்கை உதறி மடித்துக்கொண்டே, "விளைஞ்சா அளக்கணும்னு பத்திரத்துல இல்லையேண்ணா" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பாட்டி பிச்சை கேட்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அதை எழுத இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

போகட்டும். இப்போது என்ன சொல்வீர்கள் என்று தெரியும்.

"படைக்குச் செலவு செய்த மாநிலம் அதைத் திருப்பிக் கேட்டால் தப்பா?" தப்பே இல்லை. தாராளமாகக் கேட்கட்டும். பதினைந்து வருஷம் விடாமல் கேட்டதற்கு அவர்களைச் சோம்பேறிகள் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"1980இல் மெய்ன் பூர்வகுடிகள் 81.5 மில்லியன் டாலர் வாங்கிக்கொண்டார்களே?" வாங்கினார்கள். மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட நிலத்துக்கான வழக்கு அது. பணம் கொடுத்தது மத்திய அரசு. மெய்ன் மாநிலம் தன் பையிலிருந்து ஒரு டாலர்கூட எடுக்கவில்லை. 1833இல் அந்த நான்கு டவுன்ஷிப்பையும் 50,000 டாலருக்கு வாங்கியதாகச் சொல்லி, பணத்தை மாநிலக் கருவூலத்திலேயே வைத்துக்கொண்டு வட்டியைத் தங்கள் விருப்பப்படி செலவழித்த மாநிலமும் இதுதான். அவர்களுடைய காசின் வட்டியை அவர்களுக்கே கொடுத்துவிட்டு அதற்குப் பெயர் உதவி.

"நீ குடியிருப்பதும் அவர்கள் நிலத்தில்தானே?" இதை ஒரு தோழி கேட்டாள். ஆமாம். மாசச்சூசெட்ஸில்தான் இருக்கிறேன், வீட்டுக் கடனும் கட்டுகிறேன். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அதற்காகச் சிரிக்கவும் வேண்டுமா?

இன்னொன்று. ஒப்பந்தக் கடமைகளை மெய்ன் ஏற்றுக்கொண்ட அந்தப் பிரிவு அதன் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் 1876இலிருந்து அதை அச்சிடாமல் வைத்திருந்தார்கள். நீக்கவில்லை, செல்லும், ஆனால் அச்சில் வரவில்லை! 2023 நவம்பரில்தான் வாக்காளர்கள் மறுபடி அச்சிடலாம் என்று முடிவு செய்தார்கள். அத்தைப்பாட்டியின் பத்திரமும் சின்னத் தாத்தா வீட்டுப் பெட்டியில்தான் இருந்தது. கேட்டபோதெல்லாம் சாவி காணவில்லை என்றார்கள்.

குழுவில் "நகைச்சுவையைப் புரிந்துகொள்ளும் பக்குவம் வேண்டும்" என்று எழுதியவருக்கு: எனக்குப் பக்குவம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பாத்திரத்தை யாரிடமாவது கொடுத்தனுப்பட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை நானே வந்து வாசலில் நின்று வாங்கிக்கொள்கிறேன். அதற்கு ஒரு மூடியும் உண்டு.