டிப்பர் பறவைக்கு வாத்தின் கால்களா?

மலை ஓடையில் மூழ்கி எழும் குண்டுப் பறவையின் காணொளி ஒன்று சுற்றிவருகிறது. கூடவே ஒரு குறிப்பு: 'வாத்தைப் போல் சவ்வுக் கால்கள் கொண்டது, நீருக்கடியிலேயே பல நிமிடங்கள் சுவாசிக்கும்.' இரண்டுமே தவறு.

இது சின்கிளஸ் பேரினத்தைச் சேர்ந்த டிப்பர். உலகில் ஐந்து இனங்கள். இரண்டு இமயமலை ஓடைகளிலும் உண்டு. பாடும் பறவை வரிசையில் வந்தது. கால்விரல்களிடையே சவ்வு கிடையாது. நீண்ட, வலுவான விரல்களால் கற்களைப் பற்றிக்கொள்கிறது. நீருக்குள் அதைச் செலுத்துபவை குட்டையான, தசைவலிமை மிக்க சிறகுகள். பறப்பதற்கான அதே சிறகுகளையே துடுப்பாக்கி, இழுத்துச் செல்லும் நீரோட்டத்தை எதிர்த்து அடித்தளத்தை அடைந்து, பூச்சிகளின் இளம்புழுக்களைக் கொத்துகிறது.

மூச்சு? நம்மைப் போலவே காற்றைத்தான் சுவாசிக்கிறது. மூழ்கும்போது நாசித் துளைகளைச் சிறு மடல்கள் மூடிவிடும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் மிகுதி என்பதால் கூடுதல் ஆக்சிஜன் தேங்கும். அப்படியும் ஒரு முங்கல் பெரும்பாலும் சில விநாடிகள்தான். அரை நிமிடம் என்பதே நீண்ட முங்கல்.

கண் சிமிட்டும்போது பளிச்சிடும் வெண்மையை 'நீச்சல் கண்ணாடி' என்கிறது அந்தக் குறிப்பு. கற்பனை நன்று, ஆனால் அது மேலிமையில் முளைத்த வெள்ளை இறகுகள். கண்ணை மூடும் மூன்றாம் இமை வேறு. அது பல பறவைகளுக்கும் உண்டு.

உடல் நனையாமல் காப்பது அடர்ந்த இறகுகளும், வால் அருகிலுள்ள பெரிய எண்ணெய்ச் சுரப்பியும். உறைபனிக் காலத்திலும் இவை ஓடையில் இறங்குவது அதனால்தான்.