எல்டிஎல் மட்டும் பார்த்தால் போதுமா?
உடல் பருமன் உள்ளவர்களில் சர்க்கரை நோய் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் கொழுப்பு விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. எல்டிஎல் ஒன்றாக இருக்கலாம், சரி, ஆனால் வித்தியாசம் தெரிவதே ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பிலும் நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்டிஎல்லிலும்தானே. இன்சுலினுக்கு உடல் சரியாகக் கட்டுப்படாதபோது (இதுதான் இன்சுலின் எதிர்ப்பு) கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் அதிகமாகக் கல்லீரலுக்குப் போகின்றன, கல்லீரல் அதை விஎல்டிஎல் என்ற, ட்ரைகிளிசரைடைச் சுமக்கும் துகள்களாக்கி ரத்தத்தில் விடுகிறது, அப்புறம் எச்டிஎல் குறைகிறது, எல்டிஎல் துகள்களும் சிறுத்து அடர்த்தியாகின்றன. ரிப்போர்ட்டில் வரும் எல்டிஎல் எண் இதையெல்லாம் காட்டாது. பருமனும் சர்க்கரையும் உள்ள என் அண்ணனின் ரிப்போர்ட்டில் எல்டிஎல் 98, பக்கத்திலேயே 'நார்மல்' என்று போட்டிருந்தார்கள், அதற்குக் கீழே ட்ரைகிளிசரைடு 260, எச்டிஎல் 34. மொத்தக் கொலஸ்ட்ரால் 184-ல் எச்டிஎல்லைக் கழித்தால் 150 வருகிறது, கெட்ட வகைகள் எல்லாம் சேர்ந்த கணக்கு இதுதான், சர்க்கரை உள்ளவருக்கு அது 130-க்குள்ளாவது இருக்க வேண்டும். மேலே கருத்து எழுதிய ஒருவர் சர்க்கரை இல்லாத பருமனானவர்கள் கவலைப்படத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறார், தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள், இன்சுலின் எதிர்ப்பு சர்க்கரை ஏறுவதற்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிடும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்த பலருக்கு இதே மாற்றங்கள் அப்போதே ரத்தத்தில் வந்திருக்கும்.