எங்கள் கடல் வேண்டும், நாங்கள் வேண்டாமா?

நேற்று ராத்திரி வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ஒரு புதுத் தமிழ்ப் படம் பார்த்தோம். கதாநாயகன் டீக்கடை வாசலில் நிற்கிறான், கதாநாயகி ஸ்கூட்டியில் போகிறாள், இவன் கண்ணை மூடுகிறான், அவ்வளவுதான், அடுத்த நொடி எங்கள் ஊர்க் கடல். அண்ணன் மகன் "அத்தை, மொரீஷியஸ்! மொரீஷியஸ்!" என்று சோபாவில் எழுந்து நின்று குதித்தான். நாலரை நிமிஷம். பாட்டு முடிந்ததும் கதாநாயகன் கண்ணைத் திறக்கிறான், டீ கிளாஸ் கையிலேயே இருக்கிறது. படம் முடியும் வரை ஒருத்தர் வாயிலிருந்தும் மொரீஷியஸ் என்ற பேர்கூட வரவில்லை. பிள்ளை கடைசி வரை வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கனவுப் பாட்டு என்கிற வழக்கத்தை யார் ஆரம்பித்து வைத்தார்களோ, இன்றைக்கு வரைக்கும் நம் காதல் படங்களால் அதை விட முடியவில்லை. முன்பு வெளிநாடு போனவர்கள் கதையையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் போனார்கள். 1973இல் வெளிவந்த 'உலகம் சுற்றும் வாலிப'னுக்காக எம்.ஜி.ஆர். ஜப்பானில் நடந்த எக்ஸ்போ 70க்கே போய்ப் படம் பிடித்தார், ஊர் ஊராகப் போவதுதான் அந்தக் கதையே. 1978இல் 'பிரியா', அடுத்த வருஷம் 'நினைத்தாலே இனிக்கும்', இரண்டிலும் சிங்கப்பூர் கதைக்குள் இருக்கிறது, ஆட்கள் அந்த ஊருக்குப் போகிறார்கள், தெருவில் நடக்கிறார்கள், அங்கே அவர்களுக்கு ஏதோ ஒன்று நடக்கிறது. அப்புறம் எப்போதோ கதையைச் சென்னையிலேயே விட்டுவிட்டுப் பாட்டு மட்டும் விமானம் ஏற ஆரம்பித்தது. பல்லவிக்கு எங்கள் கடற்கரை, சரணத்துக்கு வேறு ஏதோ நாட்டுப் பனிமலை, நடுவில் வரும் இசைக்கு எங்கள் ஷமரேல் கிராமத்தின் ஏழு வண்ண மண். ஊருக்குப் பேர் கிடையாது, ஊரில் ஆள் கிடையாது.

ஆள் ஏன் கிடையாது என்பது எனக்கு நேரிலேயே தெரியும், அதைத்தான் இத்தனை வருஷமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

நான் மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பட யூனிட் ஒரே ஒரு பாட்டுக்காக வந்தது, பின்னால் ஆடுவதற்கும் நடப்பதற்கும் பெண்கள் வேண்டும் என்று இங்கே ஒருவர் மூலம் கேட்டு அனுப்பினார்கள். எங்கள் வகுப்பில் பரதநாட்டியமும் கற்ற பெரிய பெண்கள் 14 பேர். தமிழ்ப் படத்தில் வரப்போகிறோம் என்று அவர்கள் ஒரு வாரம் தூங்கவில்லை, அம்மாமார்கள் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து ஃபாராத்தா (எங்கள் ஊர்ப் பரோட்டா) சுட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். வேனில் லெ மோர்ன் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் சரியாக விடியவில்லை. ஆளுக்கொரு மஞ்சள் பாவாடை கொடுத்தார்கள், கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒரு இளைஞர் வந்து பார்த்தார், போய் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த இன்னொருவர் இந்தப் பெண்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவர்கள் எதிரிலேயே சொன்னார்: "எல்லாம் நம்ம ஊர்ப் பொண்ணுங்க மாதிரியே இருக்காங்கப்பா. ஃபாரின் லுக்கே வரல. இதுக்கு ஈசிஆர்லயே எடுத்திருக்கலாமே."

இவர்களுக்குத் தமிழ் புரியாது என்று நினைத்துவிட்டார். 14 பேருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரிகிற மாதிரி சொல்லிக்கொடுத்தவள் நான்தான், பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரத்தில் பக்கத்து ஹோட்டலில் தங்கியிருந்த சுற்றுலாப் பயணிகளில் வெள்ளைக்காரப் பெண்களாகப் பார்த்துக் கேட்டுக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். எங்கள் பெண்கள் பாவாடைகளை அவிழ்த்து, ஒவ்வொன்றையும் மடித்து, மணலைத் தட்டி அடுக்கிக் கொடுத்துவிட்டு வேனில் ஏறினார்கள். அந்த ஃபாராத்தாவை யாரும் தொடவில்லை. பணம் தருகிறோம் என்றார்கள், தந்தார்கள், அதைக் குறை சொல்லவில்லை. என் ஆத்திரம் அந்த மனிதர் மேல்கூட இல்லை, அவர் தன் வேலையைத்தான் பார்த்தார். ஃபாரின் பாட்டு என்றால் பின்னால் வெள்ளைத்தோல் இருக்க வேண்டும் என்று எழுதாத சட்டமாகவே வைத்திருக்கிறார்களே, அந்தச் சட்டத்தின் மேல்தான் ஆத்திரம். தமிழ் முகம் ஃபிரேமுக்குள் வந்தால் வெளிநாடு வெளிநாடாகத் தெரியாதாம். அதே நான் ஒரு பயிற்சிக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்திருந்தபோது ஆட்டோக்காரர் முதல் கடைக்காரர் வரை, "மேடம் ஃபாரினா? தமிழ் நல்லா பேசறீங்களே" என்று ஆச்சரியப்பட்டார்கள். அங்கே வந்தால் நாங்கள் ஃபாரின், எங்கள் வீட்டு வாசலில் எங்களைப் படம் பிடிக்க வந்தால் ஃபாரின் இல்லை. அப்படியென்றால் நாங்கள் யார்?

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட 18ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தர்களும் தச்சர்களும் இங்கே வந்து எங்கள் தலைநகரம் போர்ட் லூயிஸைக் கட்ட உழைத்தார்கள். 1834க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் கப்பலாக வந்தவர்கள் அவர்களுக்கு அப்புறம்தான். எங்கள் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ் இருக்கிறது, அதற்கு அடுத்துதான் இந்தி. 1998இல் புது நோட்டு அச்சடித்தபோது இந்த வரிசையை மாற்றிவிட்டார்கள், தமிழர்கள் கொதித்துப்போய்ப் போராடினார்கள், கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க அரசு விடுமுறை. இதெல்லாம் ஒரு படத்துக்குக் கதையாகத் தேறாதா? அட, கதை வேண்டாம், கதாநாயகன் ஒரு காபி குடித்துவிட்டு எங்கள் நோட்டை எடுத்து நீட்டட்டும், அதில் தமிழைப் பார்த்து அவன் ஒரு விநாடி நிற்கட்டும். அரை நிமிஷக் காட்சி.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் பெண்களைத் திருப்பி அனுப்பிய யூனிட் எடுத்த பாட்டில் பின்னால் தெரிந்ததே ஒரு மலை, அதுதான் லெ மோர்ன். தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை. 1835இல் உங்களுக்கு விடுதலை வந்துவிட்டது என்று சொல்ல வந்த காவலர்களை, தங்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து, உச்சியிலிருந்து குதித்து உயிரை விட்டார்கள் என்று இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். 2008இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. அந்த மலையடியில் ஆடவே கூடாது என்று நான் சொல்லவில்லை, நாங்களும் அந்தக் கடற்கரையில் எங்கள் ஊர் ஆட்டமான செகா ஆடுகிறவர்கள்தான். ஆனால் யூனிட்டில் ஒருத்தராவது இது என்ன மலை என்று கேட்டிருக்கலாம். மூன்று நாள் அங்கே இருந்தார்களாம், ஒருத்தரும் கேட்கவில்லையாம். இத்தனைக்கும் இங்கே வந்து படம் எடுத்தால், தகுதியான செலவில் 30 சதவீதத்தைத் திருப்பித் தருகிற திட்டத்தை 2013லேயே எங்கள் அரசாங்கம் கொண்டுவந்துவிட்டது. அது எங்கள் வரிப்பணம்.

சரி, வெளிநாட்டுத் தமிழர் கதைக்குள்ளேயே வருகிற படங்கள் மட்டும் என்ன வாழ்கிறது? ஆண் என்றால் இடைவேளைக்குப் பிறகு வருகிற வெளிநாட்டு மாப்பிள்ளை, கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, பெண்ணைக் கதாநாயகனிடம் விட்டுக்கொடுத்துவிட்டு அடுத்த விமானம் ஏறுவதற்காகவே பிறந்தவன். பெண் என்றால் அரைகுறை உடை, கொச்சைத் தமிழ், பெரியவர்களை மதிக்கத் தெரியாது, கதாநாயகன் கோயில் வாசலில் நின்று நம் பண்பாடு என்று நீளமாக ஒரு பிரசங்கம் செய்ததும் மறுநாள் காலையில் புடவையும் பூவுமாக வந்து நிற்பாள். எனக்கு இதைப் பார்த்தால் உடம்பெல்லாம் எரிகிறது. எங்கள் வகுப்புப் பெண்கள் பத்து நாள் விரதம் இருந்து, நாக்கில் வேல் குத்திக்கொண்டு, பால்குடத்தோடு வெயிலில் நடந்து கோயிலேறி, அப்புறம் இலை போட்டு ஏழு கறியோடு ஊருக்கே சாப்பாடு பரிமாறுகிறவர்கள். வீட்டில் பேசுவது எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், அதற்கு நடுவில் விரும்பித் தேடி வந்து 'ழ' பழகுகிறார்கள். அவர்களுக்கு டீக்கடை வாசலில் நிற்கிற ஒருவன் பண்பாடு சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

அந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டுதான் தமிழுக்கு வாசல். அதிலும் ஒரு கொடுமை. வசனத்துக்கெல்லாம் கீழே சப்டைட்டில் ஓடும், பாட்டு வந்ததும் நின்றுவிடும். நேற்றும் அப்படித்தான், எங்கள் கடல் முன்னால் என்ன பாடுகிறார்கள் என்று அண்ணன் மகன் கேட்டான், படத்தை நிறுத்தி நிறுத்தி நான் வரி வரியாகச் சொன்னேன். பாட்டு கதைக்குத் தேவையில்லை என்று எடுக்கிறவர்களே நினைக்கிறார்கள் போல, இல்லையென்றால் ஏன் விடுகிறார்கள்?

போன மாதம் மறுபடியும் ஒரு ஃபோன். வேறு யூனிட், வேறு ஆள், பாட்டுக்குப் பன்னிரண்டு பெண்கள் வேண்டுமாம். அனுப்புகிறேன், ஆனால் ஒரு பெண்ணுக்காவது தமிழில் ஒரு வரி வசனம் கொடுப்பீர்களா என்று கேட்டேன். பாட்டில் எப்படிம்மா வசனம் என்றார். பாட்டுக்கு முன்னால் வையுங்கள், "வாங்க, எந்த ஊர்?" என்று அவள் கேட்கட்டும், போதும் என்றேன். டைரக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் கூப்பிடவில்லை.