பயாப்சி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவர் டாக்டர்தான்

"கர்ப்பப்பை, புராஸ்டேட் பயாப்சி ரிப்போர்ட்டை எழுதுவது லேப் டெக்னீஷியன், அதை நம்பி ஆபரேஷனுக்குப் போகாதீர்கள்" என்று தண்டையார்பேட்டை, ராயபுரம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

பயாப்சி என்றால் உடலிலிருந்து சிறு திசுவை எடுத்துச் சோதிப்பது. டெக்னீஷியன் அந்தத் திசுவை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றித் தருவார். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்பவர் நோயியல் மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, அப்புறம் எம்.டி. 3 ஆண்டு. நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலேயே அந்தப் படிப்பு உண்டு.

அமெரிக்காவின் டாக்டர் ராபர்ட் ஸ்கல்லி வாழ்நாள் முழுக்கச் செய்தது இந்த வேலைதான். இனப்பெருக்கச் சுரப்பிகளில் வரும் கொனாடோபிளாஸ்டோமா என்ற கட்டியை 1953-ல் விவரித்தவர் அவர். 1973-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சினைப்பைக் கட்டி வகைப்பாட்டிலும் அவர் பங்கு பெரிது.

சந்தேகமா? சரி, அதே ஸ்லைடை (திசுச் சீவல் ஒட்டிய கண்ணாடித் துண்டை) வாங்கி இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிகிச்சையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.