ஆடியதால் மட்டும் எனக்குப் போக்கர் வரவில்லை
"போக்கரைப் புத்தகத்தில் படிக்க முடியாது, ஆடி ஆடித்தான் வரும்" என்று போக்கர் சீட்டாட்டம் பற்றிய ஒரு கட்டுரையில் இருக்கிறதே, எனக்கு நடந்தது நேர் எதிர். தக்கலையில் நாங்கள் நாலு பேர் இரண்டு வருடம் ஆடினோம், காசு கிடையாது, புளியங்கொட்டைதான். கையில் இரண்டு, ஃப்ளாப்பில் (எல்லோருக்கும் பொதுவாக நடுவில் முதலில் விரிக்கும் மூன்று சீட்டில்) இரண்டு என நான்கு ஸ்பேட் சேர்ந்துவிட்டால், ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்து பலமான கையாக ஐந்தாவது வந்தே தீரும் என்று கொட்டையைத் தள்ளிக்கொண்டே இருப்பேன். அப்புறம் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. கண்ணில் படாத சீட்டு 47, அதில் ஸ்பேட் 9. அடுத்த சீட்டிலேயே வர வாய்ப்பு 19 சதவீதம்தான். நடுவில் 40 கொட்டை கிடக்கும்போது எதிராளி 20 வைத்தால், நான் 20 போட்டு 60-க்கு ஆசைப்படுகிறேன். என்னுடையதையும் சேர்த்து மொத்தம் 80, அதில் நான் போடுவது 20, அதனால் ஜெயிக்கும் வாய்ப்பு 25 சதவீதமாவது வேண்டும், பின்னால் வரும் சுற்றில் அவரிடம் இன்னும் நிறைய வாங்கலாம் என்றால் ஒழிய. இதை ஆட்டம் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஏனென்றால் தப்பாகப் போட்டும் பல நாள் ஜெயித்துவிடுகிறோம். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், எதிராளியின் முகத்தைப் படிப்பதுதான் முக்கியம் என்கிறார். சரி, அது புத்தகத்தில் வராது. ஆனால் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்த எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விழுந்த சீட்டை நினைவில் வைக்கும் பழக்கம் ஏற்கெனவே உண்டு. இல்லாதது இந்த விகிதக் கணக்குதான். சும்மா வாசிக்காமல் ஒவ்வொரு உதாரணத்துக்கும் பாயில் சீட்டை விரித்து வைத்துப் பாருங்கள், எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.