"கவனமா இருந்திருக்கக் கூடாதா?"

கல்யாணமாகாத பெண் கர்ப்பமானால் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி, "படிச்ச பொண்ணுதானே, கவனமா இருந்திருக்கக் கூடாதா?" கல்யாணமானவள் என்றால் கேள்வியே இல்லை, ஸ்வீட் பாக்ஸோடு வந்துவிடுவார்கள். அவளைக் கவனமாக இருக்க விட்டார்களா என்று யாரும் விசாரிப்பதில்லை.

கருத்தடை செய்யவிடாமல் பெண்ணைக் கர்ப்பத்துக்குத் தள்ளுவது காதலில் மிரட்டலாக வருவது குறைவு. கொஞ்சலாகத்தான் வரும். ஆணுறை வேண்டாம் என்பதற்கு "என்மேல நம்பிக்கை இல்லையா?" போதும். வேறு சாதிக் காதல் என்றால் இன்னொரு வசனம் உண்டு: "ஒரு குழந்தை உண்டாயிட்டா உங்க வீட்ல ஒத்துக்கிட்டுத்தானே ஆகணும்?" இதை ஏதோ சாமர்த்தியம் மாதிரி நண்பர்களே ஐடியா கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். சாதிவெறி பிடித்த வீட்டுக்கு முன்னால் வழி தெரியாமல் நிற்கும் பையன்கள்மேல் எனக்கும் இரக்கம் உண்டு. ஆனால் வயிறு அவளுடையது. பாதியில் நிற்கப்போகிற படிப்பும் அவளுடையது.

எனக்குத் தெரிந்த தங்கச்சி ஒருத்தி கருத்தடை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். "இதப் போட்டா பின்னாடி குழந்தையே தங்காது" என்று சொல்லி, அவளுடைய காதலன் அட்டையைப் பிடுங்கி ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கி வாஷ்பேசினில் போட்டிருக்கிறான். "எனக்காகத்தான் பயப்படுறான்க்கா" என்றாள். அக்கறை என்றே நம்பினாள். அடுத்த சில மாதங்களில் கர்ப்பம். அப்போது அவளுடைய அம்மா கேட்டதும் அதே கேள்விதான்.

இது ஏதோ ஒரு கெட்டவனின் கதை இல்லை. அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் எலிசபெத் மில்லர் குழுவின் ஆய்வு 2010இல் வெளியானது. வடக்கு கலிஃபோர்னியாவில் குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக்குகளுக்கு வந்த, 16 முதல் 29 வயதுவரையுள்ள சுமார் 1,300 பெண்களிடம் கேட்டார்கள். கர்ப்பமாகச் சொல்லி வற்புறுத்தப்பட்டவர்கள் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். கருத்தடையைத் துணைவன் கெடுத்ததாகச் சொன்னவர்கள் 15 சதவீதம். கடையில் கேட்டால் மாத்திரை கிடைக்கிற ஊரிலேயே இந்தக் கதி.

இங்கே? உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய அவசர கருத்தடை மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்று மத்திய அரசு 2005இலேயே அனுமதித்துவிட்டது. சென்னையில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் வர்றதில்லம்மா" என்பார், தலையைக்கூட நிமிர்த்தாமல். அவர் கைக்குப் பக்கத்திலேயே, கல்லா மேஜையில், ஆணுறைப் பாக்கெட்டுகள் கலர் கலராகத் தொங்கும். அவன் மனசு வைத்தால்தான் நடக்கிற பாதுகாப்பு கண்ணெதிரே இருக்கிறது. அவள் தானாகச் செய்துகொள்ளக்கூடியதற்கு பெங்களூரு தோழி அங்கிருந்து வாங்கிக்கொண்டு ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். 72 மணி நேரம் காத்திருக்குமா?

அதையும் தாண்டி கருக்கலைப்புக்குப் போனால், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா, கையெழுத்து வேணும்". எந்தச் சட்டத்தில் இருக்கிறது? 1971 கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். கருத்தடை பலிக்காமல் உண்டான கர்ப்பம் பற்றிய விதியில், 2021 திருத்தத்தில் 'கணவர்' என்ற இடத்தில் 'துணைவர்' வந்துவிட்டது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம்வரையிலான கருக்கலைப்பு அனுமதி கல்யாணமாகாத பெண்களுக்கும் உண்டு என்றது. கணவனின் பலவந்தமும் இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை வன்புணர்வுதான் என்றும் சொன்னது. டெல்லியில் எழுதியது நம்மூர் ஓபி சீட்டுக் கவுன்டருக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

புதுக் கல்யாணப் பெண்களின் நிலைமை வேறு ரகம். அங்கே பையன் வாயே திறக்க வேண்டாம். "விசேஷம் ஏதும் உண்டா?" என்று மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு எல்லாம் பார்த்துக்கொள்ளும்.

சரி, என்ன செய்வது? அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற கருத்தடை ஊசி இலவசம், மூன்று மாதத்துக்கு ஒன்று. பிடுங்குவதற்கு அட்டை எதுவும் இருக்காது. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டால், அதன் நூலைக் கைக்குத் தட்டுப்படாத அளவு குட்டையாக வெட்டிவிடச் சொல்லிக் கேட்கலாம். அடி, மிரட்டல் என்று போனால் பெண்கள் உதவி எண் 181.

ஊசி போட்டதை அவனிடம் சொல்லணுமா என்று ஒரு பெண் இன்பாக்ஸில் கேட்டிருந்தாள். மாத்திரையைக் கொட்டுகிறவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? ஊசியால் பீரியட்ஸ் முன்னே பின்னே ஆகும், சில பேருக்கு நின்றே போகும். அவன் கேட்டால் என்ன சொல்வது என்பதை மட்டும் முன்னாடியே யோசித்து வைத்துக்கொள் என்று பதில் போட்டேன்.