180 ரூபாய்க்கு ஆறிப்போன சிக்கரித் தண்ணீர்

"உங்களுக்கு நல்ல காபி குடிச்சுப் பழக்கமில்ல சார், அதான் அப்படித் தெரியுது."

நேற்று மத்தியானத்திலிருந்து இந்த ஒரு வரி என் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கொடைக்கானலில் ஒரு காபிக் கடையில், இருபது வயசுகூட நிரம்பாத ஒரு பையன் என் அப்பாவிடம் சொன்னது. பழனி மலைத் தொடரில் தாண்டிக்குடியில் நாற்பது வருஷமாகக் காபித் தோட்டத்திலேயே கிடக்கிற மனுஷனிடம். எழுதும்போதே கை நடுங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குத்தான் போனோம். கவாத்துக் கத்தரி ஒன்று வாங்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. வாங்கிவிட்டு ஏழு ரோடு பக்கம் நடந்து வரும்போது தூறல் பிடித்துக்கொண்டது. அந்தக் கடை வாசலில் கரும்பலகையில் அழகாக எழுதி வைத்திருந்தார்கள்: 'பழனி மலை அரபிகா, தோட்டத்திலிருந்து நேராக உங்கள் கோப்பைக்கு'. அப்பா அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "நம்ம மலைக் காப்பி தாயி, வா குடிச்சுப் பாப்போம்" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நினைத்தால்தான் வயிறு இன்னும் எரிகிறது.

உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். உட்கார்ந்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை, "மேடம், இது நாலு பேர் டேபிள், அங்க மாறிக்கிறீங்களா" என்று ஒருவர் வந்தார். சரி என்று எழுந்தோம். 'அங்க' என்றது கை கழுவும் இடத்தை ஒட்டி. வருகிற போகிற ஆள் எல்லாம் கை உதறுகிற தண்ணி அப்பா தோளில்தான் தெறித்தது. விட்டு வந்த ஜன்னலோர டேபிளில் கடைசிவரை யாருமே உட்காரவில்லை. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டின வேட்டியும் தலையில் மப்ளரும் அவர்கள் கடைக் கண்ணாடி வழியாக வெளியே தெரியக் கூடாது, வேறென்ன காரணம் இருக்க முடியும்?

மெனு கேட்டால் டேபிளில் ஒட்டியிருந்த கட்டத்தை ஸ்கேன் பண்ணச் சொன்னார்கள். மழை நேரத்தில் அந்த மூலையில் சிக்னல் எங்கே வருகிறது? பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. வாயால் சொல்லிவிடுகிறேன் என்றால், "ஆர்டர் சிஸ்டத்துல விழணும் மேடம்" என்கிறான். இரண்டு காபி. இரண்டே இரண்டு காபி சொல்வதற்கு நான் எழுந்து வாசல் வரைக்கும் போய் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'ஃபில்டர் காபி, சிக்கரி கலக்காதது, 180 ரூபாய்' என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதைத்தான் அழுத்தினேன்.

இருபத்திரண்டு நிமிஷம். கடையில் எங்களைத் தவிர இரண்டு டேபிளில்தான் ஆள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அடுப்பு மேடை நன்றாகத் தெரிந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம். ஒரு பிளாஸ்க்கைத் திறந்து காலையில் போட்டு வைத்த டிகாஷனை இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றினான். மேலே பாலை ஊற்றினான். மைக்ரோவேவில் வைத்தான். அது மணி அடித்து ஓய்ந்தது. அவன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம் என்கிறீர்கள், உள்ளே இருந்த காபி மறுபடி ஆறுகிற வரைக்கும்! அப்புறம் டம்ளர் விளிம்பை ஐந்து விரலால் கவ்வித் தூக்கி டபராவில் வைத்தான். நடுவிரல் நகம் நுரைக்குள் இருந்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

வந்து சேர்ந்த காபியின் மேல் ஆடை படர்ந்து சுருங்கிப்போய் இருந்தது. அப்பா ஒரு வாய் குடித்தார். ஆடை மீசையில் ஒட்டிக்கொண்டது. துண்டால் துடைத்துக்கொண்டு, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, "இதுல சிக்கரி இருக்கு தாயி" என்றார். சண்டையெல்லாம் இல்லை, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். கருகின வெல்லம் மாதிரி நாக்கில் தங்குமே, குடித்துப் பழகினவர்களுக்குத் தெரியும். பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அதற்குத்தான் அந்தப் பதில். பழக்கமில்லையாம். கூடவே ஒரு பாடமும் நடத்தினான்: "இது ஸ்பெஷாலிட்டி காபி சார், மலையில விளையிற கொட்டை, கொஞ்சம் கசப்பாத்தான் இருக்கும்."

மலையில் விளைகிற கொட்டை! மார்ச், ஏப்ரலில் செடியைப் பூக்க வைக்கிற பூ மழை விழுமா விழாதா என்று ராத்திரியெல்லாம் வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் இதைச் சொல்கிறான். பூத்தது பழமாக எட்டு, ஒன்பது மாசம். ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் கலந்து நிற்கும், சிவப்பை மட்டும் பார்த்து விரலால் திருகி எடுக்க வேண்டும். எடுத்த அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோல் உரிக்கணும், தொட்டியில் ஊறப்போட்டு அந்த வழுவழுப்பு போகிற வரைக்கும் கழுவணும், களத்தில் பரப்பிக் கிளறிக் கிளறிக் காயவைக்கணும். ஆறு கிலோ பழம் எடுத்தால் ஒரு கிலோ கொட்டை தேறும். 2018 நவம்பரில் கஜா புயல் நிழல் மரங்களைச் செடிகள் மேலேயே சாய்த்துப்போட்டபோது, ஒவ்வொரு கிளையாக அறுத்து அடியில் இருந்த காபிச் செடியை நிமிர்த்திக் கட்டினவர் என் அப்பா. அவருக்கு நல்ல காபி பழக்கமில்லை!

நான் நேராக கவுன்டருக்குப் போனேன். பிளாஸ்க்குக்குப் பக்கத்திலேயே பிரித்த பொடிப் பாக்கெட் இருந்தது. திருப்பிப் பார்த்தால் பின்னாடி சட்டப்படி போட வேண்டியதைப் போட்டிருக்கிறார்கள்: காபி 60 சதவீதம், சிக்கரி 40 சதவீதம். ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் டேபிளில் இருந்த தண்ணீர் டம்ளரில் தூவினேன். வீட்டில் எல்லோரும் செய்து பார்க்கலாம். காபித் தூள் மேலேயே மிதக்கும். சிக்கரி நிற்காது, தண்ணீர் பட்டதும் பழுப்பு நூல் நூலாக இறங்கும். இறங்கியது. டம்ளர் அடிவரைக்கும் இறங்கியது. அந்தப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன், மேனேஜரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மேனேஜர் அசரவே இல்லை. "எஸ்டேட் பொடி தீர்ந்துருச்சு மேடம். டூரிஸ்ட் யாரும் இதெல்லாம் கேக்குறதில்ல."

சிக்கரி மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இருபது ரூபாய்க்கு சிக்கரிக் காபிதான் தருகிறார்கள், கொதிக்கக் கொதிக்க ஆற்றித் தருகிறார்கள், நான் ரசித்துக் குடிக்கிறேன். அந்தக் கடைக்காரர் யாரிடமும் எஸ்டேட் காபி என்று சொல்வதில்லை. இங்கே போர்டில் எங்கள் மலையின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, கீழே எங்கிருந்தோ வந்த பாக்கெட்டைக் கரைத்துக் கொடுத்து, குடித்தவருக்கு நாக்கு சரியில்லை என்கிறார்கள். நாலு கிலோமீட்டரா நாற்பது கிலோமீட்டரா, அடுத்த சரிவில் கொட்டை காய்ந்துகொண்டிருக்கிறது! கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், காபி இறக்க அதுதான் தோதான சூடு. மலையே பாதி வேலையைச் செய்து கொடுக்கிறது. மீதிப் பாதி, ஒரு ஃபில்டரை அலசிப் புதுசாக டிகாஷன் இறக்குவது. அதற்குக்கூட உடம்பு வணங்கவில்லை.

பில் வந்தது. காபி 360. சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம், 36. அதற்கும் சேர்த்து ஜிஎஸ்டி. எந்த சர்வீஸுக்கு? டேபிள் மாற்றியதற்கா, நகத்தைக் காபியில் விட்டதற்கா? சர்வீஸ் சார்ஜை ஹோட்டல்காரர்கள் தாங்களாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதை அப்படியே சொன்னேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடட்டுமா என்று கேட்டேன். உடனே சிஸ்டத்தில் வேறு பில் வந்துவிட்டது, 378 ரூபாய். அதுவரைக்கும் மாற்றவே முடியாத சிஸ்டம்!

அந்த 378-ஐயும் கொடுக்க மாட்டேன் என்றுதான் நின்றேன். அப்பாதான் கையைப் பிடித்தார். "ஒரு வாய் குடிச்சாச்சுல்ல தாயி. குடுத்துரு." கொடுத்துவிட்டு வந்தேன். சாரி என்று ஒரு வார்த்தை, அந்தப் பையனும் சொல்லவில்லை, மேனேஜரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டாம், அந்தப் பெரிய மனுஷனைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

திரும்பி வரும்போது பஸ் வெள்ளி அருவிகிட்டே நின்றுவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கத்தரிப் பொட்டலத்தை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டு, "ஒரு வகையில நல்லதுதான்" என்றார். என்ன நல்லது என்று எரிச்சலாகக் கேட்டேன். "நம்ம கொட்டையா இருந்து, அத அந்தப் பய பிளாஸ்க்குல ஊத்தி வச்சு சுட வச்சிருந்தான்னா, எனக்கு இன்னிக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்காது. சிக்கரிதான, போகட்டும்."

சிரிக்கக் கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை. முன் சீட்டு அக்கா திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தோம். பஸ் மட்டும் நகரவே இல்லை. மலைக்கு வண்டியில் வருகிற டூரிஸ்டுகளுக்கு 2024 மே மாசத்திலிருந்து இ-பாஸ் இருக்கிறது, இருந்தும் அருவியைப் பார்த்ததும் நடு ரோட்டில் காரை நிறுத்திவிட்டு இறங்கி நின்று போட்டோ எடுக்கிறார்கள், பின்னால் பஸ்ஸில் ஐம்பது பேர் வீட்டுக்குப் போக உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பே கிடையாது. வழியில் ஊத்து என்கிற ஊர் வந்து சேரவே மணி ஏழரை. பண்ணைக்காடு தாண்டியதும் பஸ்ஸில் லைட்டும் எரியவில்லை.